எதில் மூன்றில் ஒரு பங்கு?

கடைச் செலவை வைத்து எழுதப்படும் வாக்கியக் கணக்குகளில் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்ப்பவர்கள், அவர்களுக்குப் பின்னம் பிடிபடவில்லை என்றுதான் பெரும்பாலும் முடிவு கட்டுகிறார்கள். மாலை வேளைகளில் சிலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. பின்னங்களைப் பிழையின்றிக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்த பிள்ளைகளே இந்தக் கணக்குகளில் தவறுகிறார்கள். ஒரு பின்னம் வாக்கியத்தில் வந்தவுடன் அது எதனுடைய பங்கு என்று கேட்டுக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் அவர்களுடைய சிக்கல். அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் சமன்பாடு எழுதுவது பெரிய வேலையாக இருப்பதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம்மிடம் இருந்த பணத்தில் 1/3 பங்கைக் கொடுத்து ஒரு பை வாங்கினார். மீதியில் 1/4 பங்கைக் கொடுத்துக் குறிப்பேடுகள் வாங்கினார். இறுதியில் அவரிடம் 180 எஞ்சியது. தொடக்கத்தில் அவரிடம் இருந்தது எவ்வளவு? (நாணயத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன், எந்த நாணயத்தை வைத்தாலும் கணக்கு மாறப்போவதில்லை.)

மாணவர் ஒருவருடைய ஏட்டில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: 1/3 + 1/4. அடுத்த வரியில் மீச்சிறு பொது மடங்கு 12 என்று கண்டுபிடித்து, 4/12 + 3/12 = 7/12 என்று கூட்டி, செலவானது 7/12 என்றால் மீதி 5/12 என்று கழித்து, 5/12 பங்கு 180 என்றால் முழுத் தொகை 180 × 12/5 = 432 என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடுகளும் போட்டிருப்பார். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பார்த்தால் ஒன்றில்கூடப் பிழை இல்லை. பொதுப் பகுதி கண்டதும் சரி, தலைகீழியால் பெருக்கியதும் சரி. ஆனாலும் விடை தவறு, ஏனென்றால் 1/3 என்பது முழுப் பணத்தின் பங்கு, 1/4 என்பதோ பை வாங்கிய பிறகு எஞ்சிய பணத்தின் பங்கு. வெவ்வேறு தொகைகளின் பங்குகளை ஒரே தொகையின் பங்குகள்போலக் கூட்டியதுதான் பிழை.

இந்தக் கணக்கில் 432 என்ற விடை முழு எண்ணாக வந்து நிற்பது கூடுதல் தொல்லை. விடை அழகாக வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம், பாடநூல் கணக்குகளைப் போட்டுப் பழகிய எல்லோருக்கும் உண்டு. கிடைத்த விடையைக் கணக்கின் தொடக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, வாக்கியம் சொன்ன வழியிலேயே நடந்து பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை. 432-இல் 1/3 பங்கு 144, எஞ்சுவது 288, அதில் 1/4 பங்கு 72, எஞ்சுவது 216. வரவேண்டியது 180. பிழை வெளிப்பட்டுவிட்டது. அதே 432, ‘மொத்தத்தில் 1/4 பங்கு’ என்று கணக்கு எழுதப்பட்டிருந்தால் சரியான விடையாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் காட்டினால், பிள்ளைகள் வாக்கியத்தை மறுபடியும், இம்முறை மெதுவாக, படிப்பார்கள்.

சரியான வழியைக் காட்ட நான் முதலில் எழுத்துக்குப் போவதில்லை. ஒரு நீளப்பட்டை வரைந்து அதை மூன்று சம பாகங்களாகப் பிரிக்கச் சொல்வேன். ஒரு பாகம் பைக்குப் போய்விட்டது. அதைக் கோடிட்டு நிரப்பிவிடலாம். எஞ்சிய இரண்டு பாகங்களை இப்போது நான்காகப் பிரிக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாக வெட்ட வேண்டும். நிரப்பிய பாகத்தையும் அதே அளவில் வெட்டிவிட்டால் பட்டை முழுவதும் ஆறு சம துண்டுகளாகிவிடும். பைக்கு இரண்டு, குறிப்பேடுகளுக்கு ஒன்று, எஞ்சியவை மூன்று. மூன்று துண்டுகள் 180 என்றால் ஒரு துண்டு 60, முழுப் பட்டை 360. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படத்தை நான் பார்த்ததில்லை.

அதையே எழுத்தால் எழுதுவது அதன்பின் எளிது. தொடக்கத் தொகையை ‘த’ என்று வைத்தால், பை வாங்கிய பின் எஞ்சியது 2த/3; குறிப்பேடுகளுக்குப் போனது அதில் 1/4 பங்கு, அதாவது த/6; எஞ்சியது 2த/3 − த/6 = த/2. ஆகவே த/2 = 180, த = 360. இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. ‘1/3 செலவானது’ என்று படிக்கும்போதே மனத்தில் ‘2/3 எஞ்சியது’ என்றும், ‘மீதியில் 1/4 செலவானது’ என்று படிக்கும்போதே ‘அதில் 3/4 எஞ்சியது’ என்றும் மாற்றிக்கொண்டால், 2/3 × 3/4 = 1/2 என்று ஒரே பெருக்கலில் முடிந்துவிடும். செலவைப் பின்தொடராமல் மீதியைப் பின்தொடர்வது என்ற இந்தச் சிறு மாற்றம், இவ்வகைக் கணக்குகளில் பாதி எழுத்து வேலையைக் குறைத்துவிடுகிறது. பல கடைகள் வரும் நீண்ட கணக்குகளில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த ‘மீதியில் பங்கு’ கணக்கு மிகப் பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில், பயணம் சென்ற ஒருவர் தம் பணத்தில் 1/2 பங்கையும், மீதியில் 2/9 பங்கையும், அதன் மீதியில் 1/4 பங்கைச் சுங்கமாகவும், அதற்கும் மீதியில் 6/10 பங்கையும் செலவழித்து 63 நிஷ்கங்களோடு (நிஷ்கம் என்பது அக்கால நாணயம்) திரும்புவதாக ஒரு கணக்கு இருக்கிறது. மீதியைப் பின்தொடரும் வழியில் 1/2 × 7/9 × 3/4 × 4/10 என்று பெருக்கினால் 7/60 வரும். 7/60 பங்கு 63 என்றால் முழுத் தொகை 540. ஆனால் அந்நூலில் இத்தகைய கணக்குகளுக்குக் காட்டப்படும் ‘இஷ்ட கர்மம்’ என்ற வழி வேறு: விருப்பப்பட்ட ஏதேனும் ஓர் எண்ணைத் தொகையாக வைத்துக்கொண்டு கணக்கை நடத்திப் பார்ப்பது. 60 என்று வைத்தால் 30 எஞ்சும், பிறகு 70/3, பிறகு 35/2, கடைசியில் 7. வரவேண்டியது 63, அது 7-இன் 9 மடங்கு. ஆகவே எடுத்துக்கொண்ட 60-ஐயும் 9 மடங்காக்கினால் 540.

எகிப்தில் ஏறத்தாழ பொ.ஆ.மு. 1550-இல் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளிலும் இதே உத்திதான் வருகிறது. ஒரு தொகையும் அதன் 1/7 பங்கும் சேர்ந்து 19 என்றால் அத்தொகை என்ன என்பது அதன் 24-ஆம் கணக்கு. 7 என்று வைத்தால் 7 + 1 = 8 வருகிறது; 19 வர வேண்டுமானால் 7-ஐ 19/8-ஆல் பெருக்க வேண்டும்; விடை 16 5/8. தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தைச் சூட்டாமலே இவ்வளவு தூரம் போகலாம் என்பது, சமன்பாடு என்றவுடன் மிரளும் பிள்ளைகளுக்கு நல்ல ஆறுதல். கணக்குத் தெரியாதபோது ஊகிப்பது இழுக்கு என்று நினைக்கும் பெரியவர்களுக்கும் இதை நான் சொல்வதுண்டு. ஊகித்த எண்ணை அப்படியே விடையாக எழுதினால்தான் இழுக்கு.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. ஒருவர் முதல் கடையில் தம் பணத்தில் பாதியையும் மேற்கொண்டு 10-ஐயும் செலவழித்தார். இரண்டாம் கடையில் மீதியில் பாதியையும் மேற்கொண்டு 10-ஐயும் செலவழித்தார். இறுதியில் 20 எஞ்சியது. இங்கே தொகையை 100 என்று வைத்துப் பாருங்கள். பாதி 50, மேலும் 10 போக எஞ்சுவது 40. அதில் பாதி 20, மேலும் 10 போக எஞ்சுவது 10. வரவேண்டிய 20 என்பது 10-இன் இரு மடங்கு. ஆகவே விடை 200 என்று எழுதினால் அது தவறு. 200-ஐ வைத்துச் சோதித்தால் 90, பிறகு 35. தொகையை இரு மடங்காக்கினால் பாதிகள் இரு மடங்காகும், ஆனால் அந்த 10-கள் இரு மடங்காவதில்லை. அவை 10-ஆகவே நிற்கின்றன. பின்னத்தோடு ஒரு நிலையான தொகை சேர்ந்துவிட்டால் மடங்கு உறவு முறிந்துவிடுகிறது.

முறிந்தாலும் மற்றோர் உறவு மிஞ்சுகிறது. இரண்டு கடைகளிலும் பாதி பாதியாகப் போவதால், தொடக்கத்தில் 4 கூடினால் இறுதியில் 1 கூடும். 100-ஐ வைத்தபோது 10 வந்தது. இன்னும் 10 வேண்டும். ஆகவே தொடக்கத்தில் இன்னும் 40 வேண்டும். விடை 140. சமன்பாடாக எழுதினால் இதே செய்தி வேறு உருவில் தெரியும். முதல் கடைக்குப் பின் எஞ்சியது த/2 − 10. இரண்டாம் கடைக்குப் பின் எஞ்சியது அதில் பாதி கழித்தல் 10, அதாவது (த/2 − 10)/2 − 10. அடைப்பை நீக்கினால் த/4 − 5 − 10 = 20; த/4 = 35; த = 140. அந்த −5 எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். முதல் கடையில் கூடுதலாகக் கொடுத்த 10 கையில் இருந்திருந்தால் அதிலும் பாதி இரண்டாம் கடையில் போயிருக்கும். ஆகவே அதனால் இறுதி மீதியில் ஏற்பட்ட குறைவு 5 மட்டுமே. அடைப்புக்குறியை மறந்து த/2 − 10/2 − 10 என்று எழுதிவிடுபவர்கள், இந்தக் கேள்விக்கு விடை சொல்லிப் பழகிய பிறகு அதை மறப்பது அரிது.

பின்னோக்கி நடப்பது மூன்றாவது வழி. சிறியவர்களுக்கு இதுதான் பிடிக்கும். இறுதியில் 20, கடைசியாகப் போன 10-ஐத் திரும்பச் சேர்த்தால் 30, அது பாதி, ஆகவே முழுமை 60, முதல் கடையின் 10-ஐச் சேர்த்தால் 70, முழுமை 140. வரிசைதான் இங்கே உயிர். கடைசியாக நடந்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். முதலில் இரட்டித்துப் பிறகு 10-ஐச் சேர்ப்பவருக்கு 50, பிறகு 110 என்று வரும். 110-ஐ வைத்து நடந்து பார்த்தால் இறுதியில் 12 1/2 எஞ்சுகிறது, 20 எஞ்சவில்லை.

தள்ளுபடிக் கணக்குகளிலும் ‘எதில் பங்கு’ என்ற அதே கேள்விதான் முகம் மாற்றிக்கொண்டு வருகிறது. குறித்த விலையில் 1/4 பங்கு தள்ளுபடி போக 450 கொடுத்து ஒருவர் ஒரு பொருளை வாங்கினார் என்றால் குறித்த விலை என்ன? 450-இல் 1/4 பங்கான 112 1/2-ஐக் கூட்டி 562 1/2 என்று சொல்பவர்கள் பலர். தள்ளுபடி கொடுக்கப்பட்டது குறித்த விலையில், கொடுத்த விலையில் அல்ல. 3/4 பங்கு 450, ஆகவே முழு விலை 600. கழித்த பங்கும் திரும்பக் கூட்ட வேண்டிய பங்கும் ஒன்றல்ல: 600-இல் 1/4 பங்கான 150-தான், 450-இல் 1/3 பங்கு.

அடுத்தடுத்து இரண்டு தள்ளுபடிகள் வந்தால், 1/5, 1/10 என்று வைத்துக்கொள்வோம், 4/5 × 9/10 = 18/25 பங்கைக் கொடுக்க வேண்டும்; எது முதலில் வந்தாலும் பெருக்கல்பலன் ஒன்றே. ஆனால் ஒன்று பின்னமாகவும் மற்றொன்று நிலையான தொகையாகவும் இருந்தால் வரிசை உடனே முக்கியமாகிவிடும். 500 விலையுள்ள பொருளுக்கு முதலில் 50 குறைத்துப் பிறகு 1/5 பங்கு தள்ளினால் 360. முதலில் 1/5 பங்கு தள்ளிப் பிறகு 50 குறைத்தால் 350. வேறுபாடான 10 என்பது அந்த 50-இல் 1/5 பங்கு. முன்பு பார்த்த −5 வந்த காரணமும் இந்த 10 வந்த காரணமும் ஒன்றுதான்.

ஒரு பொருளின் விலையை மற்றொரு பொருளின் விலையோடு பின்னத்தால் இணைக்கும் கணக்குகளில் வேறொரு வகைப் பிழை நேர்கிறது. ஒரு பேனாவின் விலை ஒரு குறிப்பேட்டின் விலையில் 2/5 பங்கு. 3 பேனாக்களும் 2 குறிப்பேடுகளும் சேர்ந்து 96. பேனாவின் விலை ‘ப’, குறிப்பேட்டின் விலை ‘கு’ என்று வைத்தவர்களில் சிலர் 2ப/5 = கு என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியத்தில் ‘பேனா’ முதலில் வருகிறது, ‘2/5’ உடன் வருகிறது, அவ்வளவுதான். இது சிறு பிள்ளைகளின் பிழை என்று தள்ளிவிட முடியாது. பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியைச் சமன்பாடாக எழுதும்படி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள், அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை உறவைத் தலைகீழாக எழுதியவை என்று ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் 1982-இல் வெளியிட்டார். எழுத்தை விலையாகவோ எண்ணிக்கையாகவோ பார்க்காமல் பொருளின் பெயர்ச்சுருக்கமாகப் பார்ப்பதும், சொற்கள் வந்த வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிடுவதும் இதற்குக் காரணங்கள். அதனால்தான் ‘ப என்றால் பேனா’ என்று யாராவது எழுதினால் நான் உடனே அடித்துவிடுகிறேன். ‘ப என்றால் ஒரு பேனாவின் விலை’ என்று முழுமையாக எழுதியே ஆக வேண்டும். எழுதிய சமன்பாட்டில் எது மலிவானதாக வருகிறது என்று பார்ப்பதும் போதுமான சோதனை: 2ப/5 = கு என்றால் குறிப்பேடு பேனாவைவிட மலிவு, கணக்கு சொன்னதோ நேர்மாறானது.

சரியாக எழுதினால் ப = 2கு/5; 6கு/5 + 2கு = 96; 16கு/5 = 96; கு = 30, ப = 12. பின்னமே வேண்டாம் என்பவர்கள் குறிப்பேட்டின் விலையை 5அ என்றும் பேனாவின் விலையை 2அ என்றும் வைத்துக்கொள்ளலாம். 6அ + 10அ = 96, அ = 6. தெரியாததற்கு எந்தப் பெயரை வைப்பது என்பது நம் கையில் இருக்கும்போது, அதைப் பகுதியால் வகுபடும்படி வைத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. கேட்கப்பட்டதைத்தான் மாறியாக வைக்க வேண்டும் என்ற விதி எங்கும் கிடையாது. சில பாட வழிகாட்டிகள் அப்படி ஒரு விதி இருப்பதுபோல எழுதுவது எனக்குப் புரிவதில்லை.

மாறி பகுதியில் போய் உட்காரும் கணக்குகள்தான் பலருக்கும் அச்சமூட்டுகின்றன. 240-க்கு ஒரே விலையுள்ள பேனாக்களை வாங்கும் ஒருவருக்கு, விலை 1/6 பங்கு குறைந்தால் 4 பேனாக்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் பழைய விலை என்ன? விலை ‘வ’ என்றால் முன்பு கிடைத்தவை 240/வ; இப்போது விலை 5வ/6, ஆகவே கிடைப்பவை 240 ÷ (5வ/6) = 288/வ. வேறுபாடு 48/வ = 4; வ = 12. முன்பு 20 பேனாக்கள், இப்போது 10 வீதம் 24. இதில் 6-ஐயும் 5-ஐயும் இடம் மாற்றிப் பெருக்கும் அந்த ஒரே அடியில்தான் கை நடுங்கும். அதைத் தாண்டினால் மற்றவை வெறும் கழித்தல்.

சமன்பாடு இல்லாமலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பேனாவிலும் பழைய விலையின் 1/6 பங்கு மிச்சமாகிறது. 20 பேனாக்களில் சேரும் மிச்சம் 40. அதைக் கொண்டு புதிய விலையான 10-க்கு 4 பேனாக்கள். பழைய விலைப்படி 1/6 பங்காக இருந்த அதே மிச்சம், புதிய விலைப்படி அதன் 1/5 பங்கு. ஆகவே எண்ணிக்கை 1/5 பங்கு கூடுகிறது, அந்த 1/5 பங்குதான் 4, முன்பு வாங்கியவை 20. பொதுவாகவே, விலை 1/ந பங்கு குறைந்தால் அதே தொகைக்குக் கிடைக்கும் எண்ணிக்கை 1/(ந − 1) பங்கு கூடும்: 1/4 குறைந்தால் 1/3 கூடும், 1/3 குறைந்தால் 1/2 கூடும், பாதியாகக் குறைந்தால் இரு மடங்காகும். தள்ளுபடிக்கு முந்தைய விலையைக் காண 450-உடன் கூட்ட வேண்டியிருந்த 1/3 பங்கும் இதே ந = 4 கணக்குதான். இந்த உறவைப் பார்த்துவிட்ட மாணவர், விலை 1/6 பங்கு கூடினால் எண்ணிக்கை எவ்வளவு குறையும் என்று தாமாகவே கேட்பார். 1/5 என்று அவசரப்படாமல் 7/6-இன் தலைகீழியை எழுதிப் பார்த்தால், 1/7 என்று வரும்.